கடலில் முடிந்த அரசு: சுங் வமிசத்தின் இறுதிச் சிறுவேந்தன்

சீன தேசத்து வமிச வரலாறுகள் ஒரு மரபினைப் பின்பற்றுவன. ஒரு வமிசம் அழிந்தபின் அதன் வரலாற்றை அதனை அடுத்து ஆண்ட வமிசத்தின் அரசவை அறிஞர் தொகுப்பர். 960ஆம் ஆண்டு தொடங்கி 1279ஆம் ஆண்டு வரை நிலவிய சுங் வமிசத்தின் வரலாறும் அவ்வாறே அதனை வீழ்த்திய மொங்கோலிய யுவான் வமிசத்தாரின் ஆட்சியில், தொத்தோ என்னும் அமைச்சரின் தலைமையில் எழுதப்பெற்று 1345இல் நிறைவெய்திற்று. அந்நூலின் அரசர் வரலாற்றுப் பகுதியில் இறுதி அத்தியாயம் கவனித்தற்குரியது. அதன் தலைப்பில் எந்தப் பேரரசனின் பெயரும் இல்லை. பகைவரிடம் சரணடைந்த சிறுவன் அங்கு ‘யிங் நாட்டுக் கோமகன்’ என்று குறிக்கப்படுகின்றான். அவனுக்குப்பின் முடிசூடிய இரு சகோதரரும் ‘இரு கோமக்கள்’ என்னும் பெயரால் ஓர் அநுபந்தமாகச் சேர்க்கப்பட்டுள்ளனர். அவ்விருவருள் இளையவனாகிய சாவோ பிங் என்பவனே சுங் வமிசத்தின் கடைசி அரசன். அவன் அரசிருந்த காலம் பத்துத் திங்கள். இறந்தபோது அவனுக்கு வயது ஏழு.

அவன் பேரரசனா, அன்றி ஓடிப்போன ஓர் இளங்கோ மாத்திரமா என்னும் வினா வெறும் பட்டத்தைப் பற்றியதன்று. தலைநகர் வீழ்ந்து, அரச முத்திரையும் பகைவர் கைப்பட்ட பின்னர் ஓர் அரசு எங்கே இருக்கின்றது என்னும் வினாவே அதனுள் அடங்கியுள்ளது. அவனைச் சூழ்ந்து நின்றோர் அவ்வினாவுக்குத் தம் உயிரையும், அச்சிறுவனின் உயிரையும் விடையாகக் கொடுத்தனர்.

சுங் அரசு ஒருமுறை அழிந்து பிழைத்த அரசு என்பதை முதற்கண் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1127இல் வடக்கேயிருந்து வந்த சுர்சென் மக்கள் அதன் தலைநகராகிய கைபெங்கைக் கைப்பற்றி, அரசனையும் அவன் தந்தையையும் சிறைபிடித்துச் சென்றனர். அவ்விருவரும் சிறையிலேயே மாண்டனர். ஆயினும் தப்பிய இளவரசன் ஒருவன் தெற்கே முடிசூடி, பகைவர் துரத்தியபோது கடலில் மரக்கலமேறித் திரிந்து, இறுதியில் ஹங்சௌ நகரில் நிலைபெற்றான். லின்-ஆன் எனப் பெயர்பெற்ற அந்நகரிலிருந்து அவனும் அவன் வழிவந்தோரும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் தென்சீனத்தை ஆண்டனர். தலைநகர் போயினும் அரசு போவதில்லை, கடல் அதனைக் காக்கும் என்னும் நம்பிக்கை அக்காலம் முதல் சுங் அமைச்சர் உள்ளத்தில் ஊறிக்கிடந்தது.

மொங்கோலியருடன் நிகழ்ந்த நீண்ட போரின் வரலாற்றை இங்கு விரிப்பின் பெருகும். 1235 முதல் நாற்பதாண்டுகள் சுங் அரசு எதிர்த்து நின்றது. ஆசியாவின் பெரும்பகுதியைச் சில ஆண்டுகளில் வென்ற படைக்கு எதிராக இவ்வளவு காலம் நின்ற அரசை வலியற்ற அரசு என்று பல நூலாசிரியர் எழுதுவது பொருந்தாது. 1259இல் மொங்கோலியப் பேரரசன் மொங்கே கான் சுச்சுவான் மாகாணத்து மலைக்கோட்டையொன்றின் முற்றுகையின்போது இறந்தான். ஹான் ஆற்றங்கரையிலுள்ள சியாங்யாங் 1268 தொடங்கி ஐந்தாண்டு முற்றுகையைத் தாங்கி, மேற்காசியப் பொறியாளர் அமைத்த பெருங் கல்லெறிபொறிகளின் பின்னரே 1273இல் பணிந்தது. அது பணிந்ததும் யாங்சி ஆற்றுக்கு வழி திறந்தது. உள்நாட்டிலோ காகித நாணயம் மதிப்பிழந்திருந்தது. முதலமைச்சர் சியா சுதாவோ 1263இல் பெருநிலக்கிழாரின் நிலங்களை அரசுக்குக் கட்டாயமாக வாங்கத் தொடங்கியதனால் அரசுக்குத் தூணாயிருந்த வகுப்பாரே அதனை வெறுத்தனர். 1274இல் அரசன் இறக்க, அவன் மகன் சாவோ சியன் மூன்று வயதும் நிரம்பாத நிலையில் அரியணையில் இருத்தப்பட்டான். அதிகாரம் முதிய பேரரசித்தாய் சியே அம்மையாரிடம் இருந்தது.

மொங்கோலியத் தளபதி பாயன் லின்-ஆன் நகரை நெருங்கியபோது அவ்வம்மையார் ஒரு முடிவுக்கு வந்தார். முந்திய ஆண்டு எதிர்த்து நின்ற சாங்சௌ நகரத்து மக்கள் கொன்றொழிக்கப்பட்ட செய்தி அவருக்குத் தெரியும். 1276 பெப்ருவரியில் அரச முத்திரை பாயனிடம் ஒப்படைக்கப்பட்டது. உலகின் பெருநகரங்களுள் ஒன்றாகிய லின்-ஆன் கொள்ளையும் கொலையுமின்றித் தப்பியது. பிற்கால ஆசிரியர் பலர் இச்சரணாகதியை இகழ்ந்துரைப்பர். எண்ணற்ற குடிமக்களின் உயிரைக் காத்த செயலை அத்துணை எளிதில் இகழ்தல் ஆகாது. சில ஆண்டுகளின்பின் மார்க்கோப்போலோ வியந்து வருணித்த மாநகர் அதுவே என்பதும் மறத்தற்குரியதன்று.

ஆனால் சரணடைவதற்குச் சற்றுமுன் சாவோ சியனின் மாற்றாந்தாய் மக்களாகிய இரு சிறுவர் நகரைவிட்டு அகற்றப்பட்டிருந்தனர். மூத்தவன் சாவோ ஷி; அவன் தாய் யாங் அம்மையார். இளையவன் சாவோ பிங். அப்போது அவனுக்கு வயது நான்கு. மொங்கோலியக் குதிரைவீரர் பின்தொடர்ந்தனர். உடன்சென்றோர் சிறுவரை முதுகிற் சுமந்து நடந்து, மலைகளில் ஏழு நாள் மறைந்திருந்து, கடற்கரை நகராகிய வென்சௌவை அடைந்தனர். அங்கே ஆற்றிடைக்குறையிலுள்ள ஒரு பௌத்த மடத்தில், நூற்றைம்பது ஆண்டுகளுக்குமுன் கடலிற் திரிந்த அந்தச் சுங் அரசன் அமர்ந்த ஆசனம் பேணப்பட்டிருந்தது. அதன் கீழ் அமைச்சர் யாவரும் கூடி அழுதனர் என்று வரலாறு கூறுகின்றது. அந்த ஆசனத்தின் பொருளை அவர் அனைவரும் அறிந்திருந்தனர். பேரரசித்தாய் சிறுவரை மீட்டழைத்துவரச் சில வீரரை அனுப்பினார். வந்த வீரரை அமைச்சர் சென் யீசொங்கும் பிறரும் ஆற்றில் அமிழ்த்திக் கொன்றனர். அரசின் பெயரால் வந்த ஆணையை அரசின் பெயராலேயே மறுத்த அக்கணத்தில் சுங் அரசு இரண்டாயிற்று எனலாம்.

1276 யூன் மாதத்தில் பூசௌ நகரில் சாவோ ஷி முடிசூட்டப்பட்டான். அவனைச் சூழ நின்றோருள் மூவரைச் சீனர் இன்றும் ஒருங்கே வைத்துப் போற்றுவர். அவர் வென் தியன்சியாங், லூ சியூபூ, சாங் சிசியே என்போர். முதல்வர் 1256ஆம் ஆண்டு அரண்மனைத் தேர்வில் முதன்மை பெற்ற அறிஞர். பாயனின் பாசறைக்குத் தூது சென்று சிறைப்பட்டுத் தப்பி வந்தவர். இரண்டாமவர் அமைதியும் ஒழுங்கும் மிக்க நிருவாகி. மூன்றாமவர் படைத்தலைவர். இவர் பிறந்தது வடசீனத்தில். இளமையில் மொங்கோலியர் பக்கத்துத் தளபதி சாங் ரௌ என்பவனின் கீழ்ப் பணிபுரிந்து, குற்றமொன்றின் காரணமாகத் தெற்கே ஓடிவந்தவர். அந்தச் சாங் ரௌவின் மகனே பின்னர் இவரை அழிக்க வந்த சாங் ஹொங்பான். ஆகவே யாமென் போர் சீனருக்கும் மொங்கோலியருக்கும் இடையே நிகழ்ந்தது என்று மட்டும் கூறுவது முழு உண்மையாகாது. இரு பக்கத் தளபதிகளும் சீனரே. ஒருகாலத்து ஒரே பாசறையைச் சார்ந்தவர்.

புதிய அரசவைக்கு நிலம் தங்கவில்லை. அவ்வாண்டின் இறுதியில் அது பெருந்துறைமுகமாகிய சுவான்சௌவுக்குச் சென்றது. அராபியர் சயித்தூன் என்றழைத்த நகர் அது. அங்கே கடல் வாணிகக் கண்காணிப்பாளராயிருந்தவர் பூ சௌகெங் என்பவர். மேற்கிலிருந்து வந்து குடியேறிய முசிலிம் வணிக மரபினர். பல கப்பல்களுக்கு உரியவர். கப்பற்குறையால் வருந்திய சாங் சிசியே அவருடைய கலங்களையும் பொருளையும் வலிந்து கைப்பற்றினார். அவரோ வெகுண்டு, நகரில் வாழ்ந்த சுங் அரச குலத்தாரைக் கொன்று, மொங்கோலியர் பக்கம் சேர்ந்தார். கடலையே நம்பிய ஓர் அரசு கடல் வாணிகரின் நட்பை இழந்தது. அவ்வரசின் வீழ்ச்சிக்கு யாமென் போரைக்காட்டிலும் சுவான்சௌ நிகழ்ச்சியே பெருங்காரணம் என்று கொள்ளுதற்கு இடமுண்டு. அடுத்த ஆண்டு சாங் சிசியே அந்நகரை முற்றுகையிட்டும் அதனை மீட்க முடியவில்லை.

சுவான்சௌ தமிழர்க்கும் அயலான நகரன்று. சோழ மன்னரின் தூதுக்குழுக்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சுங் அரசவைக்கு வந்தமையை மேற்கூறிய சுங் வரலாற்று நூலே பதிவுசெய்துள்ளது. சுங் அரசு கடலில் அழிந்த அதே 1279ஆம் ஆண்டோடு சோழப் பேரரசின் இறுதி வேந்தனாகிய மூன்றாம் இராசேந்திரனின் சாசனங்களும் நின்றுவிடுகின்றன. இரண்டிற்கும் யாதொரு தொடர்புமில்லை. ஆயினும் ஒருவரோடொருவர் தூது பரிமாறிய இரு வமிசங்கள் ஒரே ஆண்டில் மறைவது காண்போரைச் சற்று நின்று நோக்கச் செய்யும். அரசுகள் மறைந்தும் வாணிகம் மறையவில்லை. சக வருடம் 1203 சித்திரையில், அதாவது 1281இல், சம்பந்தப் பெருமாள் என்னும் தமிழர் ஒருவர் சுவான்சௌவில் சிவபெருமானுக்குத் திருக்கோயில் எடுப்பித்து, குப்ளாய் கானின் நலங்கருதித் தமிழிற் சாசனமும் பொறித்தார். யாமெனில் பிணங்கள் மிதந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. அவ்வாண்டிலேயே குப்ளாயின் தூதன் யாங் திங்பி சுவான்சௌவிலிருந்து புறப்பட்டு, இலங்கையெனக் கருதப்படும் தீவை அடைந்து, எதிர்க்காற்றினாலும் உணவுக்குறைவினாலும் பாண்டி நாட்டுக் கரையில் இறங்கினான்.

மீண்டும் சிறுவரிடம் வருவோம். 1277 முழுவதும் அரசவை குவாங்துங் கரையோரமாக மரக்கலங்களில் அலைந்தது. அவ்வாறு அலைகையில் ஹொங்கொங்குக்கு எதிரேயுள்ள கௌலூனிலும் சிறிது காலம் தங்கியது. அதன் நினைவாக அங்கே ஒரு பெரும்பாறையில் மூன்று எழுத்துகள் பொறிக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் யப்பானியர் விமான நிலையத்தை விரிவாக்குகையில் அப்பாறை சிதைந்தது. எழுத்துள்ள துண்டு எஞ்சி இன்று ஒரு பூங்காவில் நிற்கின்றது. அவ்வெழுத்துகளும் ‘சுங் பேரரசர்’ என்னாது ‘சுங் கோமக்கள்’ என்று பொருள்படும் சொல்லையே கொண்டுள்ளன. பகைவர் எழுதிய வரலாற்றின் சொல் அன்பர் எழுதிய கல்லிலும் ஏறிவிட்டது போலும்.

அவ்வாண்டின் இறுதியில் பெரும்புயல் ஒன்று கப்பற்படையைத் தாக்கிற்று. படையினருள் ஏறத்தாழப் பாதிப்பேர் மாண்டனர். சிறுவன் சாவோ ஷி அச்சத்தால் நோயுற்று, 1278 மே மாதத்தில் இறந்தான். சென் யீசொங் உதவி தேடுவதாகக் கூறிச் சம்பா நாட்டுக்குச் சென்றவர் திரும்பவேயில்லை. எஞ்சிய அமைச்சர் பலரும் கலைந்து செல்ல விரும்பினர். அவ்வேளையில் லூ சியூபூ எழுந்து, முந்திய அரசனின் மைந்தன் ஒருவன் இன்னும் இருக்கின்றான், அவனை என் செய்வது என்று வினவினார். முன்னோர் ஒரு சிறு படையையும் ஒரு சிறு நிலத்தையும் கொண்டு அரசை மீட்டதுண்டு. இங்கே பதினாயிரக்கணக்கான படைவீரர் உளர். விண்ணுலகம் சுங் அரசை ஒழிக்கக் கருதாவிடின் இதனைக்கொண்டு ஓர் அரசமைத்தல் இயலாதா என்பது அவர் வாதத்தின் சாரம். சாவோ பிங் முடிசூட்டப்பட்டான். யாங் அம்மையார் தம் வயிற்றிற் பிறவாத அச்சிறுவனுக்குத் தாயாகவும் அரசுக்குக் காவலராகவும் திரைக்குப்பின் அமர்ந்தார்.

அவ்வரசவையின் நடைமுறை வியப்பைத் தருவது. கப்பல் தளத்தில் அமைச்சர் வரிசையாக நிற்பர். லூ சியூபூ அரசவை உடையணிந்து, கையிற் பட்டிகை ஏந்தி, லின்-ஆன் அரண்மனையில் நின்றாற்போல நிற்பார். இடப்பெயர்ச்சியின் நெருக்கடிக்கிடையேயும் கன்பூசிய நூல்களுள் ஒன்றாகிய ‘பேரறிவு’ என்பதன் பகுதியொன்றை நாடோறும் தம் கையால் எழுதி அரசனுக்குப் பாடஞ் சொல்லி வந்தார். நாட்டை ஆள விரும்புவோன் முதலில் தன் இல்லத்தை ஒழுங்குபடுத்துக என்று போதிப்பது அந்நூல். ஆளுதற்கு நாடும் இன்றி, ஒழுங்குபடுத்துதற்கு இல்லமும் இன்றிக் கப்பலில் வாழ்ந்த ஆறு வயதுச் சிறுவன் அதனைக் கற்றான். இதனை எள்ளி நகையாடுவோர் உளர். ஆயினும் நிலமும் நகரும் முத்திரையும் இழந்த அரசுக்கு எஞ்சியிருந்தது அதன் ஒழுங்கு ஒன்றே. பாடம் நின்ற அன்றே அரசும் நின்றிருக்கும்.

1278 நடுப்பகுதியில் அரசவை குவாங்துங்கிலுள்ள யாமென் என்னும் கடற்கழிமுகத்தை அடைந்தது. இருமருங்கும் குன்றுகள் நெருங்கி வாயில்போல் அமைந்த இடம் அது. அங்கே அரசனுக்கு முப்பது அறைகளும் படைக்கு மூவாயிரம் குடில்களும் அமைக்கப்பட்டன. படைவீரரும் குடிகளுமாக இரண்டு இலட்சம் பேர் இருந்தனர், அவருட் பெரும்பாலார் கப்பல்களிலேயே வாழ்ந்தனர் என்று வரலாறு கூறும். நிலத்திற் போரிட்டுக்கொண்டிருந்த வென் தியன்சியாங் 1279 பெப்ருவரித் தொடக்கத்தில் சிறைப்பட்டார். அவரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டே சாங் ஹொங்பான் யாமெனுக்கு வந்தான். சாங் சிசியேயைச் சரணடையுமாறு கடிதம் எழுதும்படி அவரை வற்புறுத்தினான். அவர் கடிதத்துக்குப் பதிலாகத் தம் கவிதையொன்றை எழுதிக் கொடுத்தார். அதனைப் படித்த சாங் ஹொங்பான் மேலும் வற்புறுத்தவில்லை.

சாங் சிசியே செய்த முடிவைப் போர்நூல் வல்லார் இன்றும் குறைகூறுவர். கழிமுகத்தின் வாயிலைக் காத்தால் தோற்பினும் கடலுக்குத் தப்பலாம் என ஒருவர் அறிவுறுத்தினார். அவரோ ஆண்டுக்கணக்காகக் கடலில் அலைந்தது போதும், இன்று வெற்றி தோல்வியைத் தீர்த்துக்கொள்வோம் என்று மறுத்தார். கரைக் குடில்களுக்குத் தீயிட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட கப்பல்களை ஒன்றோடொன்று பிணைத்து, நடுவே அரசனின் கப்பலை வைத்துக் கடலில் ஒரு நகர்போல் நிறுத்தினார். இது மூடச்செயல் போற் றோன்றலாம். ஆனால் கடல் திறந்திருந்தால் தம் படையே சிதறி ஓடிவிடும் என்று அவர் அஞ்சினார். சம்பாவுக்குப் போனவர் திரும்பி வராததை அவர் கண்டவர். பிணைத்த கயிறு பகைவரைத் தடுத்தற்கன்று, தம்மவரை நிறுத்தற்கே.

பகைவர் முதலிற் தீக்கப்பல்களை ஏவினர். சுங் கப்பல்கள் சேறு பூசப்பட்டிருந்தமையாலும் நீண்ட கழிகளால் தள்ளப்பட்டமையாலும் தீ பற்றவில்லை. அதன்பின் சாங் ஹொங்பான் நன்னீருக்கும் விறகுக்கும் செல்லும் வழியை அடைத்தான். பத்து நாட்களுக்கு மேலாகப் படைவீரர் உலர்ந்த உணவை உண்டு, தாகம் தாங்காது கடல்நீரைக் குடித்து வாந்தியும் வயிற்றோட்டமும் உற்றுத் தளர்ந்தனர். சாங் சிசியேயின் சகோதரி மகனைத் தூதாக்கி மும்முறை அனுப்பியும் அவர் பணியவில்லை.

1279 மார்ச்சு 19ஆந் தேதி காலை, நீர் வற்றுகையில் அதன் ஓட்டத்தோடு வடக்கிலிருந்து லீ ஹெங் என்னும் தளபதி தாக்கினான். நண்பகலில் நீர் பெருகுகையில் தெற்கிலிருந்து சாங் ஹொங்பான் தாக்கினான். அவன் கப்பலில் இசை முழங்கிற்று. விருந்து நடைபெறுகின்றதென்று எண்ணிச் சுங் படையினர் சற்று அயர்ந்திருந்தனர் என்பர். உண்மையில் அதுவே தாக்குதலின் அறிகுறி. மாலையில் மழையும் மூடுபனியும் கவிந்து, ஒரு கப்பலிலிருந்து மறு கப்பல் தெரியாதாயிற்று. பிணைப்பை வெட்டிக்கொண்டு பதினாறு கப்பல்களோடு வெளியேறிய சாங் சிசியே, அரசனை அழைத்துவர ஒரு சிறு படகை அனுப்பினார். வந்தவர் தம்மவரோ பகைவரோ என்று அறியமாட்டாத லூ சியூபூ அரசனைக் கொடுக்க மறுத்தார். அரசனின் கப்பலோ பெரிது; சுற்றிலும் பிணைப்புண்டு கிடந்தது. அவர் முதலிற் தம் மனைவி மக்களைக் கடலில் வீழச்செய்தார். பின்னர், முன்னை அரசர் பகைவர் கையில் உற்ற இழிவைத் தாங்கள் மீண்டும் அடைதல் ஆகாது எனச் சிறுவனிடம் கூறி, அவனை முதுகிற் சுமந்து கடலிற் பாய்ந்தார்.

இச்செயலை எவ்வாறு மதிப்பிடுவது? ஏழு நூற்றாண்டுகளாகச் சீனப் புலவர் இதனை நன்றிமறவாமையின் உச்சம் என்று பாடி வந்துள்ளனர். சரணடைந்த சாவோ சியனைக் குப்ளாய் கொல்லவில்லை என்பதையும் நோக்கல் வேண்டும். அவன் கோமகன் பட்டம் பெற்று, 1288இல் திபெத்துக்கு அனுப்பப்பட்டுச் சாக்கிய மடத்தில் துறவியானான். நியாயப்பிரவேசம் என்னும் பௌத்த அளவை நூலைச் சீனத்திலிருந்து திபெத்திய மொழிக்குப் பெயர்த்தவன் அவனே என்று கருதப்படுகின்றது. நம் மணிமேகலையின் இருபத்தொன்பதாங் காதையில் வரும் அளவைப் பகுதி அந்த நியாயப்பிரவேசத்தோடு பெரிதும் ஒத்திருத்தலை ஆராய்ச்சியாளர் முன்பே எடுத்துக்காட்டியுள்ளனர். ஆகவே ஒரு சகோதரன் ஏழு வயதிற் கடலில் மூழ்க, மற்றவன் நடுவயது வரை வாழ்ந்து அறிவுலகுக்கு ஒரு பணியும் செய்தான். அங்ஙனமாயின் லூ சியூபூ ஒரு குழந்தையின் வாழ்வை வீணே பறித்தாரா? அவர் கண்முன் நின்றது 1127ஆம் ஆண்டில் சிறைபுகுந்து மடிந்த இரு அரசரின் கதை. திபெத்து மடத்தின் அமைதி அவர் காணமுடியாதது. அவ்வமைதியும் இறுதிவரை நீடிக்கவில்லை. 1323இல் யுவான் அரசனின் கட்டளையால் சாவோ சியன் கொல்லப்பட்டான். எனினும் ஓர் உண்மை எஞ்சுகின்றது. அமைச்சர் தம் சாவைத் தாமே தெரிந்தெடுத்தார். சிறுவனுக்கு அத்தெரிவு இருக்கவில்லை. புகழுரைகளில் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துபோகின்றது.

ஏழு நாளில் ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட உடல்கள் நீரில் மிதந்தன என்று சுங் வரலாறு கூறும். எஞ்சிய எண்ணூறு கப்பல்கள் பகைவர் வசமாயின. மஞ்சள் உடையணிந்த ஒரு சிறு பாலனின் உடலில் முத்திரை ஒன்று இருக்கக் கண்ட படைவீரன் முத்திரையை மட்டும் எடுத்து வந்தான். தளபதி மீண்டும் ஆளனுப்பியபோது உடல் கிடைக்கவில்லை. செய்தி கேட்ட யாங் அம்மையார், இவ்வளவு துன்பமும் அச்சிறுவன் பொருட்டே தாங்கியதாகச் சொல்லிக் கடலில் வீழ்ந்தார். அவரைக் கரையில் அடக்கஞ் செய்த சாங் சிசியேயும் சில மாதங்களில் புயலிற் சிக்கி மாண்டார். வென் தியன்சியாங் குப்ளாயின் தலைநகரில் மூன்றாண்டுகளுக்கு மேல் சிறையிருந்து, உயர்பதவி தருவதாகக் கூறியும் பணியாது, 1283 சனவரியிற் கொலையுண்டார்.

யாமெனில் நிகழ்ந்தவற்றை இத்துணை விரிவாக அறிதற்குக் காரணமானோர் தப்பிப் பிழைத்த சிலரே. அவருள் ஒருவர் தெங் குவாங்சியன் என்னும் அதிகாரி. அவரும் கடலிற் குதித்தவர். பகைவர் அவரை நீரிலிருந்து இழுத்தெடுத்தனர். கப்பலில் இருந்த காலத்தில் லூ சியூபூ அவ்விரு சிறுவரின் ஆட்சி நிகழ்ச்சிகளை நுணுக்கமாக ஒரு நூலாக எழுதி வைத்திருந்தார். அதனைத் தெங் குவாங்சியனிடம் கொடுத்து, நீர் எனக்குப்பின் இறப்பீராயின் இதனைப் பிறர்க்கு வழங்குக என்று வேண்டியிருந்தார். போர் முடிந்தபின் அந்நூலோடு அவர் தம் ஊராகிய லூலிங்குக்குத் திரும்பினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி அவரும் இறந்தார். அந்நூல் அதன்பின் இருந்ததோ அழிந்ததோ அறியக்கூடவில்லை என்று, இரு சிறுவரையும் அநுபந்தத்தில் வைத்த அதே சுங் வரலாறு லூ சியூபூவின் சரிதத்தில் எழுதி நிறுத்துகின்றது.